எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

உங்கள் பிள்ளைகள் படிக்கும் அரசுத் தொடக்கப் பள்ளியைப் பற்றி எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். பாராட்டுக் கடிதங்கள் ஒரு கட்டு, குறைக் கடிதங்கள் ஒரு கட்டு என்று இரண்டாகப் பிரித்து வைத்துவிடலாம் என எண்ணித்தான் உறைகளைப் பிரித்தேன். பெரும்பாலான கடிதங்கள் எந்தக் கட்டிலும் அடங்கவில்லை. முதல் பத்தியில் நன்றி, இரண்டாம் பத்தியில் மனத்தாங்கல், கடைசி வரியில் 'இருந்தாலும் பிள்ளையை மாற்ற மனம் வரவில்லை' என்று எழுதியவர்களே அதிகம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு இதில் வியப்பில்லை. அரசுப் பள்ளி என்று ஊரெல்லாம் பொதுவாகப் பேசினாலும், ஒரு பெற்றோருக்குக் கிடைப்பது ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட ஆண்டில், ஒரு குறிப்பிட்ட ஆசிரியர் நிற்கும் வகுப்பறைதான். பலர் பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்ததால் எல்லோருடைய பெயரையும் விட்டுவிட்டோம். இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மூத்த மகள் எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்பும் படித்து, இப்போது பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் நன்றாகப் படிக்கிறாள். அதே பள்ளியில், அதே கட்டடத்தில் மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கோ 'பட்டம்' என்ற சொல்லை எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை. பழைய டீச்சர் மாறுதலில் போய்விட்டார். இப்போது முழு நேரமும் இருப்பவர் தலைமை ஆசிரியர் ஒருவர்தான். இன்னொருவர் வேறு பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து போகிறார். பிள்ளையைக் குறை சொல்வதா, பள்ளியைக் குறை சொல்வதா அம்மா?
- ஒரு தாய், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: சகோதரி, யாரைக் குறை சொல்வது என்பதை முடிவு செய்வதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்புகள். வாரத்தில் மூன்று நாள் ஒரே ஆசிரியர். அவரே பதிவேடு எழுத வேண்டும், கைப்பேசிச் செயலியில் வருகை பதிய வேண்டும், வட்டாரக் கல்வி அலுவலகம் கேட்கும் புள்ளிவிவரத்தை அன்றே அனுப்ப வேண்டும், சத்துணவுக்கூடத்தையும் எட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சிய நேரத்தில் உங்கள் மகன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் விரல் எந்த எழுத்தில் நிற்கிறது என்று பார்ப்பதற்கு அவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? உங்கள் மகள் படித்த பள்ளியும் மகன் படிக்கும் பள்ளியும் ஒரே கட்டடத்தில் இருக்கும் இரண்டு வெவ்வேறு பள்ளிகள் என்றுதான் நான் சொல்வேன்.

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்களும், 61 முதல் 90 வரை இருந்தால் மூன்று ஆசிரியர்களும் இருக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் இரண்டாவது ஆசிரியர் என்பவர் உங்கள் உரிமை. யாரும் மனமிரங்கித் தருகிற உதவியாக அதை நினைக்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள் வருகிற மாற்றுப்பணி அந்தக் காலியிடத்தை மறைத்துக் காட்டும் ஏற்பாடு. ஆகவே பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவில் 'காலியாக உள்ள ஆசிரியர் பணியிடத்தை நிரப்பித் தரக் கோருகிறோம்' என்று தீர்மானம் எழுதச் செய்து, அதன் நகலோடு வட்டாரக் கல்வி அலுவலருக்கும், தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும் மனு கொடுங்கள். மனுவைக் கொடுத்தவுடன் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை நகலில் வாங்கிக்கொள்ளுங்கள். தலைமை ஆசிரியரை எதிர்த்து இதைச் செய்வதாக அவர் எண்ணிவிடாமல், முதலில் அவரிடமே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பத்துக்கு எட்டுத் தலைமை ஆசிரியர்கள் உள்ளூர மகிழ்ச்சி அடைவார்கள். அவர்கள் கேட்டால் விழாத காது பெற்றோர் கேட்டால் விழும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

அடுத்தது மகன். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது; பிறகு நான்கு, ஐந்துக்கும் நீண்டது. அதில் பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல், உண்மையில் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பார்கள். ஆசிரியரிடம் போய் 'என் பையன் எப்படிப் படிக்கிறான்' என்று கேட்டால் 'பரவாயில்லை' என்ற பதில்தான் வரும். 'அவன் அரும்பில் இருக்கிறானா, மொட்டில் இருக்கிறானா, அடுத்த நிலைக்குப் போக எது தடையாக இருக்கிறது' என்று கேளுங்கள். பேச்சே வேறு மாதிரி நடக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பாடநூலை வைத்துச் செய்யாதீர்கள். என் வகுப்பில் ஒரு சிறுவன் பாடத்தைக் கணீரென்று வாசிப்பான். ஒரு நாள் தற்செயலாக என் உள்ளங்கை பக்கத்திலிருந்த படத்தை மறைத்தபோது அப்படியே நின்றுவிட்டான். அதுவரை அவன் வாசித்தது படத்தைப் பார்த்து வந்த மனப்பாடம். மூன்று மாதம் அதை வாசிப்பு என்று நம்பியிருந்தவள் நான்.

திண்ணையில் சுண்ணக்கட்டியால் இந்தச் சொற்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள்: படம், பட்டம், பாட்டி, பெட்டி, பேட்டி, பொட்டு, போட்டி. 'படம்' வந்து 'பட்டம்' வராவிட்டால், நடுவில் நிற்கும் புள்ளியை அவன் கண் தாண்டிப் போகிறது என்று பொருள். 'பாட்டி' வராவிட்டால் துணைக்காலும் ('பா'வில் வரும் கால்) மேல்விலங்கும் ('டி'யில் வரும் மேல்சுழி) இன்னும் பழகவில்லை. பல பிள்ளைகள் தடுமாறுவது 'பெட்டி', 'பேட்டி' இரண்டிலும்தான், ஏனென்றால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் எழுதப்படுகின்றன, ஒலியோ பின்னால் வருகிறது. 'பொட்டு' இன்னும் கடினம்; கொம்பு ஒரு பக்கமும் கால் மறுபக்கமுமாக நின்று எழுத்தை நடுவில் பிடித்துக்கொள்கின்றன. எந்தச் சொல்லில் நிற்கிறானோ அந்தக் குறியை மட்டும் எடுத்துக்கொண்டு, நாளுக்குக் கால் மணி நேரம், பத்துச் சொற்கள் போதும். அக்காளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கச் சொல்லலாம். ஆனால் 'இதுகூடத் தெரியாதா' என்று அவள் ஒரு முறை சொல்லிவிட்டால் அந்த ஏற்பாட்டை அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னையும் உறுப்பினராகச் சேர்த்திருக்கிறார்கள். கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள், தேநீர் கொடுப்பார்கள், நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். இதனால் என்ன பயன்?
- வாசகி, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்தக் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். மேலே ஒன்றுமே எழுதாமல் வெற்றிடமாக இருந்தால், எழுதிய பிறகு கூப்பிடுங்கள், வந்து போடுகிறேன் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் தலைவராக இருப்பவரும் பெற்றோரில் ஒரு பெண்தான். பள்ளிக்கு வரும் மானியம் எதற்குச் செலவானது என்று கேட்கும் உரிமை அந்தக் குழுவுக்கு இருக்கிறது. முதல் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று கேளுங்கள். மூன்றாவது கூட்டத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் கேட்கத் தொடங்குவார்.

கேள்வி: நான் ஆட்டோ ஓட்டுகிறேன். ஊரடங்குக்குப் பிறகு கட்டணம் கட்ட முடியாமல் மகளைத் தனியார் பள்ளியிலிருந்து மாநகராட்சிப் பள்ளிக்கு மாற்றினேன். பாக்கி கட்டினால்தான் மாற்றுச் சான்றிதழ் என்று பழைய பள்ளியில் சொல்லிவிட்டார்கள். நல்ல வேளையாகப் புதிய பள்ளியின் தலைமை ஆசிரியை அது இல்லாமலேயே சேர்த்துக்கொண்டார். இப்போது நான்காம் வகுப்பு. சந்தோஷமாகப் போய் வருகிறாள். ஆனால் ஆங்கிலவழி என்று பெயரே தவிர, தமிழ்வழிப் பிள்ளைகளையும் இவளையும் ஒரே அறையில் வைத்து ஒரே ஆசிரியைதான் நடத்துகிறார். பழைய பள்ளியில் பேசிய ஆங்கிலம்கூட இப்போது குறைந்துவிட்டது. உறவினர்கள் குத்திக்காட்டுகிறார்கள்.
- ஒரு தந்தை, கோயம்புத்தூர்

பதில்: தம்பி, அந்தத் தலைமை ஆசிரியை செய்தது சலுகை இல்லை, சட்டம் சொன்னதைத்தான் அவர் செய்தார். மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைச் சேர்க்காமல் இருக்கவோ, சேர்க்கையைத் தள்ளிப்போடவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024-இல் கூறியிருக்கிறது. ஆனாலும் சட்டம் தெரிந்த எல்லோரும் அதைச் செய்துவிடுவதில்லை. ஆகவே அவருக்கு நன்றி சொன்னீர்களோ இல்லையோ, ஒரு முறை நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி உங்கள் உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. பிரிவுகள் திறந்த வேகத்தில் அவற்றுக்கென்று ஆசிரியர்கள் வரவில்லை. ஆசிரியர் தமிழில் விளக்குவார், பிள்ளை ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும்; தேர்வுக்கு ஆங்கிலத்தில் எழுதிப்போட்டதைப் பார்த்து எழுதும். இதற்குப் பேர் ஆங்கிலவழி என்றால், இரண்டு மொழியிலும் கால் ஊன்றாத பிள்ளைதான் வெளியே வரும். என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன், ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்: தனி ஆசிரியர் இல்லாத ஆங்கிலவழிப் பிரிவைவிட, ஆங்கிலப் பாடத்தை அக்கறையாக நடத்தும் தமிழ்வழி வகுப்பு நல்லது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நியமனத்தில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் அதைத் திருத்தி, பள்ளிப் படிப்பிலிருந்தே தமிழ்வழியாக இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். ஆங்கிலவழி, தமிழ்வழி என்ற முடிவு இவ்வளவு சின்ன வயதிலேயே எடுக்கப்படுகிறது என்பதைப் பல பெற்றோர் பட்டப்படிப்பு முடிந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். உங்கள் மகள் ஏற்கெனவே ஆங்கிலவழியில் பயின்றிருப்பதால் அந்த முன்னுரிமை அவளுக்குப் பொருந்தாது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவளுக்குப் பொருந்துவது வேறு. மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, கல்லூரி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் ஆகியவற்றுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பதைத்தான் முதன்மையாகப் பார்க்கிறார்கள். எனவே ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் மீண்டும் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா என்ற எண்ணம் வந்தால், அதையும் கணக்கில் வைத்து முடிவெடுங்கள். குத்திக்காட்டும் உறவினர்களிடம் பழைய பாக்கியைக் கட்ட உதவுவீர்களா என்று ஒரு முறை கேட்டுப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும்.

கேள்வி: பள்ளி நன்றாக இருக்கிறது, டீச்சர் தங்கமானவர். ஆனால் இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் காலையில் நான் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டிலை மாலையில் அப்படியே கொண்டுவருகிறாள். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால் மறந்துவிட்டேன் என்கிறாள். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை.
- ஒரு தாய், கடலூர் மாவட்டம்

பதில்: உங்களுக்குச் சரியாகத்தான் பட்டிருக்கிறது. அவள் மறக்கவில்லை. தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டிவரும். கழிப்பறை போகும் நிலையில் இல்லை. ஆகவே ஏழு வயதுப் பிள்ளை தானாகவே ஒரு தீர்வு கண்டுபிடித்திருக்கிறாள். நாள் முழுவதும் அடக்கி வைத்திருந்து, வீட்டுக்கு வந்ததும் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் கழிப்பறைக்கு ஓடுகிறாளா என்று இன்று மாலை பாருங்கள். சிறுநீர்த் தொற்று வந்து மருத்துவரிடம் போகும்வரை பல வீடுகளில் இது தெரிவதில்லை.

நாளைக்கே பள்ளிக்குப் போய், அனுமதி கேட்டுக் கழிப்பறையை நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, அது உங்கள் மகளுக்கு எட்டுகிறதா, தண்ணீர்க் குழாய் உள்ளே இருக்கிறதா அல்லது வெளியிலிருந்து வாளியில் தூக்கி வர வேண்டுமா, வாளி நிறைந்தால் ஏழு வயதுப் பிள்ளையால் தூக்க முடியுமா என்பவற்றைக் கவனியுங்கள். 'கழிப்பறை உண்டு' என்று பதிவேட்டில் எழுதுகிறவர்கள் இவற்றைப் பார்ப்பதில்லை. கட்டடம் இருக்கும், கதவு இருக்கும், சுவரில் கைகழுவும் முறை வண்ணப்படமாக வரைந்திருக்கும். குழாயைத் திருப்பினால் காற்றுதான் வரும். சுத்தம் செய்பவர் பெரும்பாலும் சொற்ப ஊதியத்தில் வந்து போகிற பகுதிநேரப் பணியாளர். அவர் வராத நாளில் யார் செய்வது என்பதற்கு எந்தப் பள்ளியிலும் நேரான பதில் இல்லை. நான் பணியில் இருந்தபோது பல நாள் நானே செய்திருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, பிள்ளைகளிடம் மட்டும் அந்த வேலையைக் கொடுத்துவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். உங்கள் பள்ளியில் பிள்ளைகளைக் கொண்டு கழுவச் செய்தால் அதை உடனே தடுக்க வேண்டும்.

தண்ணீர், மின்மோட்டார், தொட்டி ஆகியவற்றின் பழுதுக்கு ஊராட்சி மன்றத்தை நாட வேண்டும். ஊராட்சிச் செயலரிடம் வாயால் சொன்னால் சரி என்பார். கிராமசபையில் எழுந்து நின்று சொன்னால் தீர்மானப் புத்தகத்தில் ஏறும். கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணிலும் பதியலாம். இதெல்லாம் நடப்பதற்குள், காலை இடைவேளையில் டீச்சரோ சத்துணவு ஆயாவோ சிறுமிகளைக் கூட்டமாக ஒரு முறை அழைத்துப்போய் வந்தால் போதும், பிள்ளைகளின் பயம் பாதி போய்விடும். அந்தத் தங்கமான டீச்சரிடம் அதைக் கேளுங்கள்.

கேள்வி: வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று என் மகனைச் சார் அடிஸ்கேலால் விரல் முட்டியில் அடித்திருக்கிறார். வீங்கிவிட்டது. நான் போய்க் கேட்கலாம் என்றால், 'நாங்கள் எல்லாம் அடி வாங்கித்தான் படித்தோம்' என்று என் கணவர் தடுக்கிறார். பள்ளியில் சேர்த்த அன்றே 'கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்' என்று சொன்னவரும் அவர்தான்.
- பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்: அந்த வாசகத்தை ஒவ்வொரு ஜூன் மாதமும் என் மேசைக்கு முன் நின்று யாராவது ஒரு தந்தை சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். சில ஆண்டுகள், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அதை அனுமதியாகவும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் மேசை அறையில் ஒரு பிரம்பு இருந்தது. ஒரு நாள் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, நான் கரும்பலகையைத் துடைக்கக் கையை உயர்த்தியபோது, தன் முகத்தை இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டாள். நான் அவளை அதுவரை ஒரு முறைகூட அடித்தது கிடையாது. மறுநாள் அந்தப் பிரம்பு அடுப்பங்கரைக்குப் போயிற்று.

கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பெற்றோர் அனுமதி தந்தார்கள் என்பது அதற்கு விலக்கு ஆகாது. உங்கள் கணவரின் சொல்லுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்று அவரிடம் சொல்லலாம். முதலில் வீக்கத்தை மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்கி வையுங்கள். பிறகு தலைமை ஆசிரியர் முன்னிலையில் அந்த ஆசிரியரிடம் பேசுங்கள். வகுப்பு நடக்கும்போது போய்ச் சண்டை போடாதீர்கள். மறுநாள் அதே அறையில் உட்காரப் போகிறவன் உங்கள் மகன். பேசியும் தொடர்ந்தால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 1098 என்ற சிறார் உதவி எண்ணும் இருக்கிறது.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளை ஏன் தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள்?
- வாசகர், ஈரோடு

பதில்: என் மகளையும் அப்படித்தான் சேர்த்தேன். நான் பணியாற்றிய ஊரும் குடியிருந்த ஊரும் வேறு என்பது வெளியில் சொல்லும் காரணம். அக்கம்பக்கத்தாரைப் பார்த்துப் பயந்தேன் என்பது உள்ளே இருந்த காரணம். நீங்கள் கேட்பதற்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: எங்கள் பள்ளியில் காலை உணவு சமைக்கும் பெண் வேறு சாதி என்று சொல்லிச் சில வீட்டார் பிள்ளைகளைச் சாப்பிட வேண்டாம் என்று தடுக்கிறார்கள். என் பேத்தி சாப்பிடுகிறாள். அதனால் எங்களிடம் சிலர் பேசுவதில்லை. நான் செய்வது சரிதானா?
- ஒரு பாட்டி, தென் மாவட்டம்

பதில்: சரிதான் அம்மா. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் சுமார் 31,000 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. விரிந்த அடுத்த மாதமே தூத்துக்குடி, கரூர் மாவட்டங்களில் நீங்கள் சொல்வதைப் போன்ற புகார்கள் எழுந்து, அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் நேரில் சென்று பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாயிற்று. சென்னை மாநகராட்சி 1920-இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் உணவு வழங்கியதிலிருந்து, காமராசர் 1956-இல் மதிய உணவை விரித்தது, எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக்கியது என்று நூறாண்டுக்கு மேலாகப் பிள்ளைகளை ஒரே பந்தியில் உட்கார வைக்கும் மாநிலத்தில் இன்னும் இப்படி ஒரு கடிதம் வருகிறது என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது. கிராமத்துப் பள்ளிகளில் சமைப்பவர் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர். அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் தாயாக இருப்பவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தன் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அவர் அந்த உப்புமாவைக் கிண்டுகிறார். தடுப்பவர்களைப் பற்றித் தலைமை ஆசிரியர் மூலமாக மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் போக வேண்டும். உங்களால் முடிந்தால், ஒரு நாள் காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்குப் போய்ப் பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஊரில் உங்கள் வயதுக்கு மதிப்பு உண்டு.

கேள்வி: என் மகனுக்குப் பேச்சு தாமதம், கற்பதிலும் மெதுவாக இருக்கிறான். முதல் வகுப்பு ஆசிரியை பொறுமையாகப் பார்த்துக்கொண்டார். இரண்டாம் வகுப்பில், சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்கிறார்கள். சேர்த்துவிடுவதா?
- ஒரு தந்தை, நாமக்கல் மாவட்டம்

பதில்: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்படி, சட்டம் குறிப்பிடும் அளவுக்குக் குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுவரையான பிள்ளை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. பள்ளி உங்களுக்காகத் தேர்ந்தெடுக்க முடியாது. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். அங்கே போய் மகனின் பெயரைப் பதிந்து, மருத்துவ முகாம் எப்போது என்று கேளுங்கள். சிறப்பாசிரியர் எந்த நாளில் உங்கள் பள்ளிக்கு வருவார் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சிறப்பாசிரியர் பல பள்ளிகளைப் பார்க்க வேண்டியிருப்பதால் அவர் வரும் நாள் தவறிப்போவதும் உண்டு. அன்று மகனை விடுப்பு எடுக்கவிடாதீர்கள். முதல் வகுப்பு ஆசிரியை அதே பள்ளியில்தான் இருக்கிறார் என்றால், அவன் எதைச் சொன்னால் கேட்டான், எங்கே உட்கார வைத்தால் அமைதியாக இருந்தான் என்பதை இப்போதைய ஆசிரியரிடம் அவரையே சொல்லச் சொல்லுங்கள். அந்த அரை மணி நேரப் பேச்சு எந்த ஆவணத்திலும் இருக்காது.

கேள்வி: அரசு தரும் நான்கு செட் சீருடையும் என் மகனுக்குப் பெரிதாக இருக்கிறது. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. மற்றபடி பள்ளியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இதற்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்கள்.
- ஒரு தாய், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: அவற்றை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் மொத்தமாகத் தைக்கிறார்கள், உங்கள் மகனின் இடுப்பை அவர்கள் பார்த்ததில்லை. துணியை வெட்டிவிடாதீர்கள். இடுப்பில் பின்பக்கம் இரண்டு மடிப்புப் பிடித்து, உள்ளே கெட்டித் தையல் போடாமல் ஓட்டுத்தையல் போடுங்கள். கால்பக்கம் இரண்டு அங்குலம் உள்ளே மடித்துவிடுங்கள். ஒரு செட்டை மட்டும் இப்படிச் செய்து ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றில் கை வையுங்கள். பொங்கலுக்குள் எப்படியும் ஒரு மடிப்பைப் பிரிக்க வேண்டியிருக்கும்.